ஓரகத்தியின் வீடியோ

ஒரு வீட்டு மருமகள்கள் இரண்டு பேரும் ஒரே பள்ளியில் ஆசிரியைகள் என்பது அந்தக் குடும்பத்துக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இளையவள் தன் மூன்றாம் வகுப்பில் கைப்பேசியை ஸ்டாண்டில் மாட்டி நிறுத்தும் வரைக்கும்.

மூத்தவள் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். பல வருடமாகத் தெருவே அவளைக் கணக்கு டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. இப்போது காய்கறிக் கடைக்காரர், "நீங்க அந்த வீடியோ டீச்சரோட ஓரகத்திதானே?" என்கிறார். பொறுக்கி எடுத்த கத்தரிக்காயை அப்படியே கூடையில் போட்டுவிட்டு வந்தாள். அன்றைக்கு வீட்டில் சமையலே சுரத்தாக இல்லை.

இளையவள் ஆடிப் பாடிப் பாடம் நடத்துவாள். அதைப் படமெடுத்து இணையத்தில் போடுவாள். பார்க்கிறவர்கள் ஈ மொய்ப்பது போல மொய்த்தார்கள். நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற மாமனார், எளிதில் சிரிக்காத மனிதர், அவரே கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரு வீடியோவை முழுசாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுப் பிள்ளை" என்றார்.

மூத்தவளை அவர் 'பெரிய மருமக' என்றுதான் சொல்வார். பிள்ளை என்று ஒருநாளும் சொன்னதில்லை. அடுத்த வீட்டுக்காரி பிள்ளை பெற்றதற்கு அம்மிக் குழவியை எடுத்துத் தன் வயிற்றில் இடித்துக்கொண்டாளாமே ஒருத்தி, அவள் வலி மூத்தவளுக்கு அன்று புரிந்தது.

இதில் ஒரு பழைய கதையும் உண்டு. இளையவள் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே மூத்தவள் தன் கணக்கு வகுப்பைப் படமெடுத்துப் போட ஆசைப்பட்டுத் தலைமையாசிரியையிடம் போய்க் கேட்டாள். "பிள்ளைங்க முகம் வெளிய போகக் கூடாது டீச்சர். பெத்தவங்க எழுதிக் கொடுத்தாத்தான் போடலாம், சட்டமே அப்படித்தான்" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். இவளும் வாயை மூடிக்கொண்டு திரும்பினாள். இளையவள் நடு வருடத்தில் சேர்ந்தவள். அவளுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. ஒரே அடுப்பில் சமைத்து ஒரே ஆட்டோவில் பள்ளிக்குப் போய் வந்த மூத்தவளும் சொல்லவில்லை. ஒழுங்காக நடந்தவளுக்கு ஒன்றுமில்லை, ஒழுங்கே தெரியாதவளுக்கு ஊரெல்லாம் பேர் என்ற எண்ணம்தான் அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் குருவியின் வீடியோ வந்தது.

குருவி என்பது மூன்றாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரும் சின்னப் பெண்ணின் பட்டப்பெயர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். 'தண்ணீர்த்தொட்டி' என்ற சொல்லில் வண்டி நின்றுவிட்டது. 'தண், தண்' என்று திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டு நின்றாள். வகுப்பு சிரித்தது, அவளும் சிரித்தாள். இளையவளுக்கு அது கொள்ளை அழகாகத் தெரிந்தது. பின்னால் ஒரு வேடிக்கை இசையைச் சேர்த்துப் போட்டுவிட்டாள்.

மூத்தவள் அதை முதல் நாள் மாலையே பார்த்தாள். இது தப்பு என்று உடனே தோன்றியது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் தோன்றியது: ஏறட்டும். உயரமாக ஏறினால்தானே விழும்போது சத்தம் கேட்கும்.

ஏறியது. மற்ற வீடியோக்களையெல்லாம் தாண்டி ஏறியது. முகம் தெரியாதவர்கள் கீழே எழுதிய கேலியை மூத்தவள் ஒன்று விடாமல் படித்தாள். பள்ளியில் குடிநீர்க் குழாயடியில் பெரிய வகுப்புப் பையன்கள் குருவியைச் சூழ்ந்து நின்று, "தண், தண்" என்று தாளம் போட்டார்கள். அந்தப் பெண் காலி பாட்டிலோடு திரும்பிப் போனாள். மூத்தவள் பையன்களை விரட்டி அடித்தாள், இல்லையென்று சொல்லக் கூடாது. ஆனால் வீட்டுக்கு வந்து இளையவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆண்டு விழாவில் இளையவளுக்கு மேடையில் மரியாதை செய்யப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. மூத்தவளின் பொறுமை அன்றோடு முடிந்தது. மாலையில் கூடத்தில் கிடந்த டேப்லெட்டை எடுத்து, பெற்றோருக்கான பள்ளிச் செயலியைத் திறந்து, நடந்ததைப் புகாராக எழுதினாள். 'பெயரை மறைக்கவா?' என்று கேட்டது. மறை என்று தொட்டாள்.

அங்கேதான் கணக்கு டீச்சருக்குக் கணக்குத் தப்பியது. அந்த வீட்டில் மின்சாரம், எரிவாயு, செய்தித்தாள் எல்லாமே மாமனார் பேரில். அவர் இருக்கும்போது வேறொருவர் பேரில் ஒன்று இருப்பதை அவர் சகிக்க மாட்டார். அதே பள்ளியில் படிக்கும் மூத்தவளின் மகனுக்குப் பாதுகாவலர் என்று பதிந்திருப்பதும் தாத்தாதான், அந்தச் செயலியும் அவர் பேரில்தான். மற்றப் பெற்றோருக்குத்தான் பெயர் மறையும், அலுவலகத்துக்கு மறையாது.

மறுநாள் காலை, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், தலைமையாசிரியை மாமனாரைப் போனில் கூப்பிட்டார். சொந்த மருமகள் மீதே புகார் கொடுத்திருக்கிறீர்களே, உறுதிதானா என்று கேட்டார்.

"புகாரா? நானா?" என்றார் மாமனார். பிறகு டேப்லெட்டைப் பார்த்தார். மேசையைச் சுற்றி இருந்த முகங்களைப் பார்த்தார். மூத்தவள் மட்டும் தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"ஆமாம்மா. நான்தான் அனுப்பினேன். எங்க வீட்டுப் பிள்ளை செஞ்சாலும் தப்பு தப்புதான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இளையவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "மாமா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. குருவி அம்மாகிட்ட வகுப்பை வீடியோ எடுக்கறேன்னு சொன்னேன், சரின்னாங்களே" என்று அழுதாள்.

"எடுக்கறேன்னு சொன்னே. ஊருக்கே காட்டறேன்னு சொன்னியா?" என்றார் அவர்.

அன்றே வீடியோ நீக்கப்பட்டது. மேடை மரியாதையும் நின்றது. ஆனால் ஆசிரியர் அறையில் மூத்தவள் எதிர்பார்த்த பேச்சே வேறு. "அந்த வீட்டுப் பெரியவர் மாதிரி ஒரு நேர்மையான ஆளைப் பார்க்க முடியுமா" என்றுதான் எல்லோரும் வியந்தார்கள். எழுதியது இவள், பேர் அவருக்கு. வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. இப்போது மாமனாரைப் பார்த்தாலும் வயிறு எரிந்தது.

மாலையில் மாமனார் இருவரையும் கூப்பிட்டு, "அந்தக் குழந்தை வீட்டுக்கு ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்றார்.

"நான் எதுக்கு மாமா?" என்றாள் மூத்தவள்.

இளையவள் செருப்பு மாட்ட வாசலுக்குப் போகும் வரை அவர் காத்திருந்தார். "உனக்காக ஒரு பொய் சொன்னேன். இத்தனை வயசுக்கு அதுதான் முதல் பொய். இனிமே யாராவது கேட்டா நீதான் பதில் சொல்லணும்" என்றார். அவர் முதுகு எப்போதும் போல நேராகத்தான் இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து அவர் பேசவில்லை.

குருவியின் அம்மா தையல்காரி. முன்னறையில் மெஷின், சுற்றிலும் வெட்டிப் போட்ட துணி. பாதி தைத்த சட்டையைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"எம் பொண்ணு ஸ்கூல்ல தண்ணியே குடிக்கறதில்ல டீச்சர். நாக்கு வறண்டு வீட்டுக்கு வர்றா. வீட்லயும் வாயத் திறந்து படிக்க மாட்டேங்கறா. மனசுக்குள்ளயே படிக்கறேங்கறா."

இளையவள் கைகூப்பினாள். "தப்புதாம்மா. எனக்கு அழகா தெரிஞ்சது, போட்டுட்டேன். அவளுக்கு எப்படி இருக்கும்னு யோசிக்கல. சட்டம் இருக்குன்னும் தெரியாது. மன்னிச்சிடுங்க."

தையல்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு மூத்தவள் பக்கம் திரும்பினாள். "நீங்க பெரிய டீச்சர். ரொம்ப வருஷமா இருக்கீங்க. உங்களுக்குமா தெரியாது?"

தெரியாது என்று ஒரு சொல் போதும். வீட்டில் அவள் இடம் அப்படியே இருக்கும். நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. மெஷினுக்குப் பின்னாலிருந்து குருவி எட்டிப் பார்த்தாள். உதடு வெடித்துக் காய்ந்திருந்தது.

"தெரியும்" என்றாள் மூத்தவள். "போட்ட அன்னைக்கே பார்த்தேன். புகார் கொடுத்ததும் எங்க மாமா இல்ல, நான்தான். இவ பேரு இன்னும் பெருசாகட்டும், அப்புறம் கொடுக்கலாம்னு காத்திருந்தேன்."

இளையவள் மெதுவாகத் திரும்பினாள். "அக்கா?" என்றாள்.

"அவங்க தெரியாம செஞ்சாங்க" என்றாள் தையல்காரி. "நீங்க எம் பொண்ண வெச்சுக் காத்திருந்தீங்களா டீச்சர்?"

மூத்தவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். வாசற்படி அருகே நின்றாள். உட்காரச் சொல்ல அங்கே யாருக்கும் மனமில்லை.

கொஞ்ச நேரத்தில் குருவி மெஷினைச் சுற்றி வந்தாள். இளையவளின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, அவள் காதில் என்னவோ ரகசியமாகச் சொன்னாள். இளையவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அத்தனை வெட்கத்துக்கு நடுவிலும் மூத்தவளுக்குச் சுருக்கென்று எரிந்தது.