பீரோவுக்குப் பின்னால் உள்ள கோடு

…முழங்காலாம், அம்மா கூசாமல் சொல்கிறாள், முழங்காலுக்கு மேல தண்ணி ஒரு சாண்கூட ஏறல மேடம் என்று, ஊராட்சிக்காக அளக்க வந்த இன்ஜினியர் பிரபாவதி எழுதிக்கொள்கிறார், நான் அவருக்கு உதவியாக அளவுக் கம்பைப் பிடித்துக்கொண்டு பீரோவில் முதுகைச் சாய்த்து நிற்கிறேன், நிற்க வேறு இடமே இல்லையா, இருந்தது, ஆனாலும் இங்கேதான் வந்து நின்றிருக்கிறேன். பீரோவுக்குப் பின்னால் சுவரில் அந்தக் கோடு இருக்கிறது, என் மார் உயரத்தில், சேற்று நிறத்தில். ஊரில் மிச்சமிருக்கிற ஒரே கோடு. போன கார்த்திகைப் புயலில் மலட்டாறு உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்து வடிந்தபோது எல்லா வீட்டுச் சுவரிலும் இது இருந்தது, ஒருத்தரும் விட்டுவைக்கவில்லை, நாங்கள் கிறிஸ்துமஸுக்கு வெள்ளை அடித்தோம், மற்றவர்கள் பொங்கலுக்கு அடித்தார்கள், வெள்ளம் வந்தால் பண்டிகை வராமல் போகுமா என்ன… எங்கள் பீரோ கால் துருப்பிடித்துத் தரையோடு ஒட்டிக்கொண்டது, நகர்த்தச் சோம்பல்பட்டு அதைச் சுற்றி அடித்துவிட்டேன், அவ்வளவுதான், இதில் பெரிய நோக்கமெல்லாம் கிடையாது.

இப்போது அந்தக் கோடுதான் வேண்டுமாம். ஊராட்சியில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து வெள்ளத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறார்கள், கம்பெனிக்காரன் சொல்லிவிட்டான், தண்ணீர் ஏறின உயரத்துக்குக் கீழே இனித் தரை போட்டு வீடு கட்டக் கூடாது, அப்படி ஒரு விதியைக் கிராம சபையில் நிறைவேற்றினால்தான் இன்சூரன்ஸ் தொடரும் என்று. விதியில் உயரம் எழுத வேண்டும், உயரத்தை யாரைக் கேட்பது, ஜனங்களைத்தான், கட்டிக்கொண்டிருக்கிற வீடுகளுக்கும் விதி உண்டு என்று தெரிந்ததும் ஜனங்களுக்குத் தண்ணீர் குறைந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் கணுக்கால் என்றாள். எதிர்வீட்டுப் பூமாலை சிரித்துவிட்டாள், "ஏன்க்கா, நிவாரணத்துக்கு வந்தவங்க கிட்ட கழுத்து வரிக்கும்னு சொல்லிக்கினு இருந்த, இப்ப கணுக்காலா, அதுக்குள்ள இம்மா ஒசரம் வளந்துட்டியா?" "நீ மட்டும் என்னாடி, முட்டின்ற, உன் வூட்டு ஆடு கூர மேல ஏறிச்சே, அது என்னா வேடிக்க பாக்க ஏறிச்சா?" நான்கூடச் சிரித்தேன், பிரபாவதி சிரிக்கவில்லை, எல்லா வீட்டிலும் சொன்னதையே சொன்னார், "கோட்டைக் கம்மியா போட்டீங்கன்னா நாளைக்கு கம்பெனி ஆளுங்க வந்து செக் பண்ணுவாங்க, தப்புன்னு தெரிஞ்சா ஊர்ல ஒரு வீட்டுக்கும் கிளெய்ம் வராதுங்க." நாளைக்குத்தானே. நாளைக்கு என்றால் யாருக்குப் பயம்.

எங்கள் புது வீடு பின்பக்கம் ஜன்னல் தலைக்கு, லிண்டல் மட்டத்துக்கு வந்து நிற்கிறது. தரை போடுகிற பேஸ்மட்டம் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. கோடு முழங்காலில் விழுந்தால் மேலே கூரைத் தளம் போட்டுக் குடி போகலாம், மாரில் விழுந்தால் சுவரை இடிக்க வேண்டும், இடித்தால் மறுபடி எழுப்ப அம்மாவிடம் தெம்பும் இல்லை, வழியும் இல்லை. "பிரான்சிஸ், நீங்க சொல்லுங்க, நீங்களும் பாத்திருப்பீங்கல்ல?" என்று கேட்கிறார் பிரபாவதி, நான் பார்த்தேனா, அன்றைக்குத் திண்டிவனத்தில் மாத்திரைக் கம்பெனியில் நைட் ஷிப்ட், பஸ் கிடையாது, கம்பெனி ஜெனரேட்டரில் ஓடியது, பெல்ட்டில் மாத்திரை வரும், உடைந்ததைப் பொறுக்க வேண்டும், மறுபடி வரும், வெளியே பெய்யும் மழை உள்ளே கேட்காது, அம்மா என்ன செய்கிறாள் என்று நினைத்தேனா… நினைத்திருக்கலாம். அரிசி டிரம் மேல் ஏறி நின்றாளாம், டிரம் மிதந்துபோக ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை தொங்கினாளாம், இதெல்லாம் பூமாலை சொன்னது, அம்மா சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் வேலையை விட்டேன், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பகலில் தூக்கம் வரவில்லை, அதனால் விட்டேன், அம்மா ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "நான் ஊர்ல இல்லீங்க மேடம்" என்றேன். பொய் இல்லை. அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னாள், "அவன் எங்க இருந்தான், கம்பெனியே கதின்னு கெடந்தான். முழங்கால்னு போட்டுக்கோங்கம்மா." பிரபாவதி பீரோவைப் பார்த்தாரா, என்னைப் பார்த்தாரா, வெளிச்சுவரில் சிவப்புப் பெயின்டால் முழங்கால் உயரத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

நான் உடனே போகவில்லை, கம்போடு புது வீட்டுக்குள் போனேன், எதற்கென்று தெரியவில்லை, நிழலாக இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். கொத்தனார் வீரமுத்து மூலையில் சாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். சுவரில் தலைக்கு மேலே ஒரு சிலாப்பு, சிமென்ட் இன்னும் முழுக்கக் காயவில்லை, அதற்குக் கீழே செங்கல் துருத்திக்கொண்டு படிபோல மேலே போகிறது. என்னண்ணா இது, பிளான்ல இல்லியே என்று கேட்டேன். "உங்கம்மாதான் போடச் சொல்லிச்சி, பாத்திரம் வெக்கவாம். பாத்திரம் வெக்க எதுக்குப்பா படி? கேட்டா, நீ சொன்னத செய்யின்னு கத்துது, ஒரே பேஜாரு. நேத்து உங்கம்மாவ நிக்க வெச்சி அளவு எடுத்தேன், அதும் கை எட்டற ஒசரத்துக்குப் போட்டேன்." கம்பைச் சிலாப்புக்கு நேராக நிறுத்திப் பார்த்தேன், பழைய வீட்டுக் கோட்டுக்கு வெகு மேலே இருக்கிறது, முழங்கால் என்று சொன்னவள் முழங்காலுக்கா இதைப் போட்டாள்… தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள், இன்சூரன்ஸுக்கு ஒரு கோடு, தனக்கு ஒன்று. இது பரவாயில்லை, இதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அகலம். "ஒரு ஆளு தாராளமா ஒக்காரலாம், நல்லாத் தாங்கும்" என்று வீரமுத்து தட்டிக் காட்டினார், ஒரு ஆள், சரி, சுவர் அந்தப் பக்கம் அவ்வளவு காலியாகக் கிடக்கிறதே, இன்னொரு ஆளுக்கு நீட்டியிருந்தால் என்ன, நேற்று அளவு எடுத்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன், சுவரை அடுத்த பழைய வீட்டில் பாயில் படுத்து விழித்துக்கொண்டு, இருமினது அவளுக்குக் கேட்டிருக்கும். வெளியே பிரபாவதி கூப்பிடுகிறார், பிரான்சிஸ், கம்பு எங்க. வெளிச்சுவரில் சிவப்புப் பெயின்ட் இன்னும் ஈரமாகத்தான் இருக்கும், துடைத்தால் போய்விடும். வர்றேன் மேடம் என்றேன், கம்பை இன்னும் சிலாப்புக்கு நேராகத்தான் பிடித்திருக்கிறேன், மறுபடி தண்ணீர் வரும்போது நான் எங்கே இருப்பேன் என்று அம்மா கணக்குப் போட்டிருக்கிறாள்…