நாய் பொம்மை

கடை வாசலில் படுத்திருந்த நாயின் வாயில் அவள் தைத்த நாய் இருந்தது.

காது பிய்ந்து தொங்கியது. வயிற்றிலிருந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. தன் கைவேலைதான் என்று அடையாளம் தெரிய அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. வால் நுனியில் அந்த மூன்று முடிச்சை வேறு யாரும் போடமாட்டார்கள். இரண்டாவது மூட்டையைத் தோளில் சுமந்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

“வாங்க பொம்மையக்கா! போன்லயே பேசிப் பேசி, இன்னைக்குத்தான் முகத்தைப் பார்க்கிறேன்” என்றார் கடைக்காரர். “பார்த்தீங்களா கூத்தை? நாயை நாய் கடிக்குது. உங்க பொம்மைன்னா நம்ம குண்டுவுக்கு உயிர்.”

அப்போதுதான் அவள் நிமிர்ந்து கடையைப் பார்த்தாள். கழுத்துப்பட்டைகள், சங்கிலிகள், பூனைக்கான மணல் மூட்டைகள், எலும்பு மாதிரி பிஸ்கட்டுகள். குழந்தைக்கு வாங்குகிற பொருள் மருந்துக்கும் இல்லை.

“அண்ணே, இது... ஷோகேஸ்ல வைக்கிற பொம்மை இல்லையா?”

“நாய் பொம்மைன்னா நாய் கடிக்கிற பொம்மை. பூனை பொம்மைன்னா பூனை பிறாண்டுற பொம்மை. நான் என்ன பள்ளிக்கூடமா நடத்துறேன்?”

நாய் பொம்மை இருபது, பூனை பொம்மை இருபது. போனில் அவர் சொன்னது அவ்வளவுதான். அவள் நாய் மாதிரி இருபதும் பூனை மாதிரி இருபதும் தைத்தாள். வேன் ஓட்டும் கணவர் போகிற போக்கில் முதல் மூட்டையை இங்கே இறக்கிவிட்டுப் போனார். எது என்ன கடை என்று நின்று பார்க்கிற ரகமில்லை அவர்.

பிளாஸ்டிக் கண் வைத்தால் பொம்மை முறைக்கும் என்பது அவள் கட்சி. அவள் வைப்பது குண்டுமணி. வீட்டுக்குப் பின்னால் சரக்குக் கிடங்கின் வேலியில், யாரும் நடாமல் தானாகப் படர்ந்த கொடி. காய் வெடித்தால் உள்ளே சிவப்பும் கறுப்புமாக வரிசைகட்டி நிற்கும். ஊசியைச் சூடாக்கி, விதை பிளக்காமல் துளைபோட்டு, நூலை இரட்டையாகக் கோத்து இறுக்கினால் பொம்மைக்கு உயிர் வந்துவிடும். விஷம் என்று கேள்விப்படாமல் இல்லை. “அடப் போங்க அண்ணி! சின்ன வயசுல நான் ஒண்ணை முழுங்கிட்டு மறுநாள் முழுசாத் திருப்பிக் கொடுத்தவ. செத்தா போயிட்டேன்?” என்று நாத்தனார் சொல்லிச் சிரித்த சிரிப்பில் அந்தப் பயம் கரைந்துபோயிருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். பொம்மையின் ஒரு கண் பளபளத்தது. இன்னொரு கண் இருந்த இடத்தில் அறுந்த நூல்தான் இருந்தது.

“குண்டு நல்லா இருக்கானா அண்ணே?”

“நேத்துலருந்து கொஞ்சம் சோம்பல். காலையில ரெண்டு தடவை வாந்தி. எல்லாம் வெயில்தான்.”

குண்டுமணிக்குத் தன் கறுப்பு தெரியாது என்பார்கள். அவளுக்கு அந்த நிமிஷம் நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும் வாய் வேறு பாதையில் போனது.

“தையல் கொஞ்சம் லூஸா இருக்குண்ணே. இருக்கிற பொம்மையெல்லாம் கொடுங்க, மாத்தித் தர்றேன்.”

“லூஸா? நல்லாச் சொன்னீங்க! மூணு நாள் மல்லுக்கட்டி முந்தாநாள்தான் ஒரு கண்ணைப் பிடுங்கினான். அப்படி ஒரு தையல்!”

நாய் எழுந்தது. முதுகை வில்லாக வளைத்து, இரண்டு முறை குலுங்கி, வாசற்படியில் வாந்தி எடுத்தது. நுரையில் ரத்தம் இழையாகக் கலந்திருந்தது.

“அண்ணே” என்றாள். “வெயில் இல்ல. அந்தக் கண்ணு குண்டுமணி.”

நான்கு கடை தள்ளி இருந்த விலங்கு மருத்துவரிடம் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி: “முழு விதையா, துளை போட்டதா?”

“துளை போட்டது.”

“முழுசா இருந்தா தோல் கெட்டி, பெரும்பாலும் அப்படியே வெளிய போயிடும். துளை போட்டா, விஷத்துக்கு நாமே கதவைத் திறந்துவிட்ட மாதிரி. இதுக்கு மாற்று மருந்து கிடையாதும்மா. டிரிப்ஸ் ஏத்தி, அவன் தாங்குறானான்னு பார்க்கணும். சொன்னீங்களே, அதுவே பெரிசு. இல்லன்னா நானும் வெயில்னுதான் நினைச்சிருப்பேன்.” ஊசியை எடுத்தவர் நிறுத்தினார். “இந்த மாதிரி எத்தனை பொம்மை வெளிய இருக்கு?”

கடைக்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“தையல் லூஸுன்னீங்களேம்மா” என்றார். அக்கா போய் அம்மா ஆகியிருந்தாள்.

குண்டுவை டிரிப்ஸில் விட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பினார்கள். பிரிக்காத புது மூட்டை போக, மிச்சம் பதினொன்று இருந்தது. அவள் கத்தரியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இரட்டை நூல், அவ்வளவு சுலபத்தில் அறுபடவில்லை. தன் கெட்டிக்காரத்தனத்தோடு தானே மல்லுக்கட்டினாள். கடைக்காரர் பொம்மை வாங்கியவர்களை ஒவ்வொரு எண்ணாக அழைத்தார். அவருக்கு மனிதர்களின் பெயர் தெரியாது. போனில் எல்லாரும் டைகர் அப்பா, ஜூலி அம்மா, பிளாக்கி தாத்தா.

“எங்க டைகர் இரும்பையே செரிப்பான் சார்” என்று ஸ்பீக்கரில் ஒரு குரல் சிரித்தது.

“சிரிக்காதீங்க சார். பொம்மைக்குக் கண்ணு ரெண்டும் இருக்கான்னு பாருங்க. முதல்ல அதைப் பிடுங்கி எடுத்து வைங்க.”

காலடிச் சத்தம், கட்டிலுக்கு அடியில் எதையோ இழுக்கும் சத்தம். “இருக்கு. ரெண்டும் இருக்கு.” இம்முறை சிரிப்பு இல்லை. ஜூலி அம்மா வீட்டிலும் இரண்டும் இருந்தன. பிளாக்கி தாத்தா பொம்மையை எப்போதோ குப்பையில் போட்டிருந்தார். எந்தக் குப்பை, அதை எந்தத் தெருநாய் கிளறியதோ, அவருக்குத் தெரியவில்லை. எண்கூடத் தராமல் காசு கொடுத்து வாங்கிப் போன முகம் தெரியாதவர்கள் வேறு எத்தனையோ பேர்.

“பஞ்சு அம்மா எடுக்க மாட்டேங்கிறாங்க” என்றார் கடைக்காரர். “நேத்து ராத்திரிகூட போட்டோ அனுப்பினாங்களே.”

போனை அவளிடம் நீட்டினார். ஒரு சாம்பல் நிற சோபா. அதில் பஞ்சுப்பொதி மாதிரி ஒரு வெள்ளைப் பூனை, அவள் தைத்த பூனையை நெஞ்சோடு அணைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. கீழே எழுதியிருந்தது: “உங்க பொம்மை இல்லாம தூங்கவே மாட்டேங்குது.”

பொம்மையின் இடது கண் சிவப்பாகத் தெரிந்தது. வலது கண்மேல் பூனையின் பாதம் கிடந்தது. அல்லது பாதத்தின் நிழல். அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். சிவப்பு மாதிரி ஒன்று தெரிந்து, சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்து, எந்த நிறமும் இல்லாமல் போனது.

கடைக்காரர் தன் இன்னொரு போனிலிருந்து மறுபடி அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் மடியில் கண் இல்லாத பதினோரு பொம்மைகளும் வாசலைப் பார்த்தபடி கிடந்தன.