பாஸ் வாசித்தவரின் பெயர்

தன் பெயர் காணாமல் போய்விட்டது என்பது தூணாருக்கு அறுபத்தெட்டாவது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது தெரியவந்தது.

செய்தித்தாளோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்த மனைவிதான் உரக்கப் படித்தார். காலமான சாக்ஸபோன் கலைஞரும் அவருடைய பேண்டும் மேடையில் வாசித்தவற்றில், வெளியே யாரும் அதிகம் கேட்டிராத இருபத்திரண்டு டேப்புகள் கிடைத்திருக்கின்றன. ஒலிக் காப்பகம் அவற்றைத் தொகுத்து வெளியிடப்போகிறது. கூடவே ஒரு சிறு புத்தகம். பியானோ இன்னார், டிரம்ஸ் இன்னார், டிரம்பெட் இன்னார் என்று பெயர்கள் வரிசையாக வந்தன. கடைசி வரி: பாஸ், அடையாளம் தெரியாதவர். திருத்தம் இருந்தால் மாதக் கடைசிக்குள் நேரில் வரவும்.

"அடையாளம் தெரியாதவர்னா தண்டவாளத்துல கிடக்குறவங்களுக்குத்தானே போடுவாங்க?" என்றார் மனைவி. "வாயைக் கொப்புளிச்சுட்டு வந்து நீங்க யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்."

பாஸ் என்பது ஆளைவிட உயரமாக நிற்கும் ஒரு பெரிய வயலின். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்வரிசையில் நிற்பவரைக் கூட்டம் பார்ப்பதில்லை. அவர் வாசிப்பதை நிறுத்தினால்தான் ஏதோ குறைகிறதே என்று தோன்றும்; அப்போதும் என்ன குறைகிறது என்று தெரியாது. ஒரு மண்டபத்தில் எலக்ட்ரீஷியன் விளக்கு வயரை அவர் தோளில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஸ்டூல் தேடிப் போனார். அன்றிலிருந்து பேண்டில் அவருக்குத் தூண் என்றே பெயர். வயதான பிறகு, மரியாதைக்கு ஒரு 'ஆர்' சேர்ந்துகொண்டது.

பதினோரு வருடம் வாசித்தார். பிறகு விலகி லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். முதுகுவலி என்று எல்லோரிடமும் சொன்னார். உண்மையில் வலித்தது முதுகு அல்ல. நிகழ்ச்சி முடிவில் அண்ணன், சாக்ஸபோன் கலைஞரைப் பேண்டில் எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள், ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கைத்தட்டு வாங்கித் தருவார். தூணாரின் பெயர் எப்போதும் கடைசி. அவர் வாசித்த கடைசி மாலையில், பெயர் வருவதற்கு முன் யாரோ ஓர் அம்மாள் பூங்கொத்தோடு மேடை ஏறிவிட்டார். அண்ணன் பூவை வாங்கினார், வணங்கினார், திரை இறங்கிவிட்டது. தூணார் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டு வந்தவர்தான். அண்ணன் இரண்டு முறை ஆள் விட்டும் போகவில்லை. அண்ணன் இறந்தபோது மட்டும் போனார். கடைசி வரிசையில் நின்றார். அங்கும் யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

ஆக, திங்கள்கிழமை காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு காப்பகத்துக்குப் புறப்பட்டார்.

காப்பாளர் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் வெள்ளை நூல் உறை, கழுத்தில் ஹெட்போன், முகத்தில் விதிமுறை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: அத்தாட்சி. பெயரை டேப்பில் காதால் கேட்டிருக்க வேண்டும், அல்லது அந்தக் காலத்துக் காகிதத்தில் கண்ணால் கண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் போட முடியாது. போன வருடம் வேறொரு தொகுப்புக்கு ஒரே டிரம்ஸுக்கு மூன்று பேர் வந்து உரிமை கொண்டாடி, வரவேற்பறையில் கைகலப்பாகி, மேசை விளக்கு உடைந்ததிலிருந்து அப்படி ஒரு விதி.

சாட்சிக்கு ஆள் இருக்கிறதா என்றார். பியானோக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். டிரம்பெட்காரர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று அவருடைய பிள்ளைகளுக்கே சரியாகத் தெரியாது. டிரம்ஸ்காரர் இருக்கிறார், கடிதமும் எழுதியிருக்கிறார் என்று காப்பாளர் அம்மா கோப்பைத் திறந்து காட்டினார். 'என் இடப்பக்கத்தில் எப்போதும் தூண் இருக்கும், அதில் சாய்ந்துகொண்டுதான் இளைப்பாறுவேன்' என்று எழுதியிருந்தது. அதன் ஓரத்தில் பென்சிலால், 'மண்டப அமைப்பு பற்றிய குறிப்பு' என்று காப்பாளர் அம்மாவின் கையெழுத்து.

"அந்தத் தூண் நான்தாம்மா" என்றார் தூணார்.

காப்பாளர் அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். நம்பிய மாதிரிதான் இருந்தது. ஆனால் படிவத்தில் நம்பிக்கைக்குக் கட்டம் இல்லை. "அண்ணன் மேடையில பேர் சொல்லுவார்னு சொல்றீங்க. இருபத்திரண்டு டேப் இருக்கு. ஒண்ணுலகூடவா இருக்காது? நான் எப்படியும் ஒவ்வொண்ணா கேட்டு எழுதணும். நீங்களும் உட்காருங்க" என்று இன்னொரு ஹெட்போனை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். அந்தத் துடைப்பில்தான் தூணாருக்கு அவர் நல்லவர் என்று பட்டது.

முதல் டேப்பிலேயே நோய் தெரிந்துவிட்டது.

இந்த டேப்புகளையெல்லாம் பதிவு செய்தவர் அண்ணனின் மச்சினர். பேண்டோடு ஊர் ஊராக வருவார். டேப் விஷயத்தில் மட்டும் அவர் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். வாசிப்பு மட்டும்தான் பதிய வேண்டும், பேச்சுக்கு எதற்கு டேப் என்பது அவர் கொள்கை. அண்ணன் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்ததும் ஒரு தயக்கம்; தங்கை புருஷன் பேசும்போது உடனே நிறுத்துவது மரியாதையில்லை என்று நினைத்திருப்பார். பியானோ வரை பொறுப்பார். டிரம்ஸ் வரை பொறுப்பார். டிரம்பெட் முடிந்து, "அடுத்து நம்ம பாஸ்..." என்று அண்ணன் குரல் எழும்போது பொறுமை தீர்ந்துவிடும். 'டக்'.

ஏழு டேப்புகளில் அந்த 'டக்'. எட்டாவதில் மச்சினர் நிறுத்தவில்லை. ஆனால் அரங்கத்தில் மின்சாரம் போய்விட்டது. பத்தாவதில் பெயர் சரியாக வரும் இடத்தில் யாரோ தும்மினார்கள், அதுவும் மைக்குக்குப் பக்கத்தில். பன்னிரண்டாவதில் மச்சினரே பக்கத்து ஆளிடம் குடை யாருடையது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பதினைந்தாவதில் "பாஸ்" என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு குழந்தை வீறிட்டது. குழந்தையை என்ன சொல்ல முடியும்?

தினமும் சாயங்காலம் வீடு திரும்பியதும் மனைவி கேட்பார்: "இன்னிக்காவது பேர் பிறந்தாச்சா?" தூணார் தலையாட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றுவார். மச்சினரை வாய்விட்டு ஏசுவார். செத்துப்போனவரை ஏசக்கூடாது என்று மனைவி கன்னத்தில் போட்டுக்கொள்வார். பிறகு அவரே, என்ன இருந்தாலும் ஒரு நாலு விரல் டேப் கூடச் செலவு பண்ணியிருக்கலாம் என்பார்.

நடுவில் இன்னொன்றும் நடந்தது. அதைத் தூணார் வீட்டில் சொல்லவில்லை. வாசிப்பைக் கேட்டார். முப்பது வருடமாகக் கேட்காத அந்தச் சாக்ஸபோன், ஒரு மெல்லிய பாட்டில் மேலே மேலே ஏறிப் போய், இறங்க வழி தெரியாத பூனை மாதிரி உச்சியில் தத்தளித்தது. அப்போது கீழேயிருந்து பாஸ் நிதானமாக நான்கு அடி எடுத்து வைத்தது. சாக்ஸபோன் அந்தப் படிகளில் கால் வைத்து இறங்கி வந்தது. காப்பாளர் அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "இது நல்லா இருக்கு" என்றார். சாக்ஸபோனைத்தான் சொல்கிறார் என்று தூணார் எடுத்துக்கொண்டார். மனக்கசப்புக்குக் காது மந்தம்.

இருபத்தொரு டேப் முடிந்தது. மாதம் முடிய இரண்டே நாள். கடைசி டேப்பின் அட்டையில் மச்சினர் எழுதியிருந்தார்: 'சுமார். இதன் மேலேயே வேறு பதியலாம்.'

வாசிப்பு சுமார்தான். பெயர் சொல்லும் கட்டம் வந்தது. பியானோ. டிரம்பெட். டிரம்ஸ். "கடைசியா, நம்ம பாஸ்..." இந்த முறை 'டக்' இல்லை. தூணார் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். அப்போது, தன் பெயரைச் சொன்ன மகிழ்ச்சி இன்னும் தீராத டிரம்ஸ்காரர் குச்சியைச் சுழற்றிப் பித்தளைத் தட்டில் ஓங்கி ஓர் அடி அடித்தார். உலோகம் அதிர்ந்து அடங்குவதற்குள் கைத்தட்டும் ஓய்ந்திருந்தது.

தூணார் ஹெட்போனைக் கழற்றி மேசை மேல் வைத்தார். பரவாயில்லை, விடுங்கள் என்றார். உங்களுக்குத்தான் ஒரு மாதம் சிரமம் கொடுத்துவிட்டேன் என்றார். பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உட்காருங்க" என்றார் காப்பாளர் அம்மா.

"அதான் முடிஞ்சுபோச்சேம்மா."

"பாட்டுதான் முடிஞ்சது. டேப் முடியல. டேப் தீர்ற வரைக்கும் கேட்கணும்னு படிவத்துல இருக்கு. வெறும் இரைச்சலா இருந்தாலும் கேட்டாகணும்."

விதிமுறை என்றால் நாம் முகம் சுளிக்கிறோம். ஆனால் கடவுள் சில சமயம் அதன் உள்ளேகூட ஒரு சின்னக் கதவைத் திறந்து வைக்கிறார். தூணார் மறுபடி உட்கார்ந்தார்.

நாற்காலிகள் இழுபட்டன. யாரோ, சாப்பாடு தயார், முதல் பந்திக்கு வரலாம் என்றார்கள். "இதோ" என்று மைக்குக்கு வெகு அருகில் மச்சினரின் குரல். பிறகு ஓடும் காலடிச் சத்தம். மெஷினை நிறுத்த அவருக்கு நினைவில்லை. டேப் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. மேடைக்குப் பின்னால்தான் அந்த அரங்கத்தின் சமையலறை போலிருக்கிறது. பாத்திரங்கள் உரசின. ஒரு பெண்குரல் யாரையோ தண்ணீர் கொண்டுவரச் சொன்னது. பிறகு அண்ணனின் குரல், மேடைக் குரல் இல்லை, தாழ்ந்த வீட்டுக் குரல்.

"அக்கா, ஒரு தட்டு எடுத்து மூடி வைங்க. நம்ம பாஸ் வாசிக்கிறவருக்கு. அவ்வளவு பெரிய வாத்தியத்தை உறையில போட்டுக் கட்டிட்டு வர்றதுக்குள்ள எல்லாம் காலியாயிடும்."

"யாரு, அந்தப் பெரிய பொட்டிக்காரரா?"

"பொட்டிக்காரர்னு சொல்லாதீங்கக்கா. அவருக்குப் பேர் இருக்கு. தட்டு மேல சீட்டு எழுதி வைங்க, வேற யாரும் எடுத்துடுவாங்க."

அண்ணன் சொன்னார். தந்தையின் முதலெழுத்து, பிறகு முழுப் பெயர், எழுத்து எழுத்தாக. அந்த அக்கா எழுதுவதற்கு வசதியாக மூன்று முறை சொன்னார். நடுவில் யாரும் தும்மவில்லை.

"நீங்க சொன்னீங்கன்னு சொல்லவா?" என்றது பெண்குரல்.

"ஐயோ, வேணாம். தெரிஞ்சா சாப்பிட மாட்டான். ரோஷக்காரன். நீங்களா எடுத்து வச்ச மாதிரியே இருக்கட்டும்."

டேப்பின் வால் மெஷினில் படபடவென்று அடித்துக்கொண்டது. காப்பாளர் அம்மா நிறுத்தினார்.

தூணார் ஹெட்போனைக் கழற்றினார். பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை காப்பாளர் அம்மா எதிர்பார்த்ததல்ல.

"என் மூஞ்சிக்குத்தான்னு நினைச்சேன்ம்மா."

எந்த ஊருக்குப் போனாலும் அவருக்கென்று ஒரு தட்டு மூடி வைத்திருக்குமாம். பியானோக்காரர் வெறும் பாத்திரத்தைச் சுரண்டுவாராம். சமையலறைப் பெண்களுக்குத் தன்மேல் ஏதோ தனிப்பிரியம், நம் முகராசி அப்படி என்று பதினோரு வருடம் நம்பியிருக்கிறார். சாப்பிடப் போகுமுன் தலைகூட வாரிக்கொள்வாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு எங்கோ நடுவில் தடம் மாறியது. காப்பாளர் அம்மா விதிமுறையை மீறி, ஹெட்போன் துடைக்கும் துணியை அவரிடம் நீட்டினார்.

பிறகு பேனாவை எடுத்து, 'காதால் கேட்டது' என்ற கட்டத்தில் குறியிட்டார். எந்த நிமிடம், எந்த நொடி என்று எழுதினார். பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். "மூணு தரம் சொல்லியிருக்கார். இவ்வளவு சுத்தமான அத்தாட்சி வேற யாருக்கும் கிடைச்சதில்ல" என்றார்.

தூணார் அந்த வரியைப் பார்த்தார். ஒரு மாதமாக இதற்குத்தானே அலைந்தார். ஆனால் கண் அங்கே நிற்கவில்லை, கீழே இறங்கியது.

"இந்த டேப்புக்குக் கீழே அந்த அக்கா பேரையும் போடுவீங்கல்ல?"

"போடலாம். குரல் இருக்கே. பேர் என்ன?"

தெரியவில்லை. அந்தக் கையால் எத்தனை முறை சாப்பிட்டிருப்பார் என்பதும் நினைவில்லை. முகம்கூட நினைவில்லை. தட்டைப் பார்த்தவர் தட்டை நீட்டியவரைப் பார்க்கவில்லை. தலை வாரிக்கொண்டதுதான் மிச்சம்.

"அக்கான்னு மட்டும் போட முடியாதே" என்றார் காப்பாளர் அம்மா, உண்மையான வருத்தத்தோடு. "நாளன்னைக்கு அச்சுக்குப் போகுது."

தூணார் டேப் அட்டையைத் திருப்பினார். அரங்கத்தின் பெயரும் தெருவும் இருந்தன. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடம். மணி பன்னிரண்டரை. வரவேற்பறைத் தொலைபேசியிலிருந்து வீட்டுக்குப் பேசினார்.

"பேர் கிடைச்சுதா?" என்றார் மனைவி, எடுத்த எடுப்பில்.

"என்னுது கிடைச்சுது. இன்னொருத்தங்களோடதும் வேணும். வர நேரமாகும்."

"யாரு?"

"தெரியல."

"சரி. முதல்ல ஏதாவது சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லி மனைவி வைத்துவிட்டார்.

அரங்கம் இருந்தது. சமையலறை இருந்த இடத்தில் உடைந்த நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். காவலாளி யாரைப் பார்க்க வேண்டும் என்றார். முப்பது வருடத்துக்கு முன்னால் இங்கே சமைத்த ஓர் அம்மாவை என்றார் தூணார். பெயர் என்ன என்று காவலாளி கேட்டார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்றார் இவர்.

காவலாளி இந்தப் பதிலைக் கொஞ்சம் யோசித்தார். வெயிலில் நடந்து வந்த சட்டையைப் பார்த்தார். பிறகு அடுக்கிலிருந்து கால் உடையாத நாற்காலி ஒன்றைத் தேடி எடுத்து, துண்டால் தட்டி, நிழலில் போட்டார். விளக்கு வேலை பார்த்த பழைய ஆள் ஒருவர் தினமும் நாலு மணிக்கு இந்தப் பக்கம் காற்று வாங்க வருவார், அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது என்றார்.

நாலு மணிக்கு இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது. தூணார் உட்கார்ந்தார்.