இரண்டு பல்லும் ஒன்றல்ல என்று சொன்ன விளக்கு

"இதுல ரெண்டும் ஒரே மாதிரிதானே தெரியுது மேடம். இதுக்கு மேல என்ன வேணும்?"

"ஒரே மாதிரி தெரியுது, அதான் வேணாங்கறேன்."

"ஏழு விளக்கு மாட்டிக் காட்டிட்டேன். பெட்டியிலயே பகல் வெளிச்சம்னு போட்டிருக்கு."

"பெட்டி நல்லாத்தான் பேசுது. பல்லு ஒத்துக்க மாட்டேங்குதே."

விளக்குக் கடைக்காரரோடு மல்லுக்கு நின்றது என் அக்கா. செயற்கைப் பல் செய்பவள். பல் டாக்டர்கள் அளவும் நிறமும் குறித்து அனுப்புவார்கள். பக்கத்துப் பல்லோடு ஒட்டிப்போகிற மாதிரி பீங்கானில் நிறம் ஏற்றித் தருவாள். இருபத்திரண்டு வருடம் ஜன்னலோரம் உட்கார்ந்து செய்த வேலை. மூன்று மாதத்துக்கு முன் ஜன்னலுக்கு எதிரே பெரிய சுவர் எழும்பிவிட்டது. அதிலிருந்து டியூப்லைட்தான்.

ஒரு டீச்சருக்குச் செய்த முன்பல் இரண்டு தடவை திரும்பி வந்தது. மேசையில் அச்சாகப் பொருந்திய பல், வெயிலில் சாம்பல் பூத்துத் தெரிந்தது. "இன்னொரு தடவை வந்தா வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் போனால் அக்காவுக்குப் பாதி வேலை போச்சு.

அதனால்தான் திரும்பி வந்த பல்லையும், டீச்சரின் பல் நிறத்துக்கு ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரிப் பல்லையும் மாத்திரை டப்பாவில் போட்டு எடுத்து வந்திருந்தாள்.

"வெயில்ல இது ரெண்டுக்கும் சண்டைங்க. அந்தச் சண்டையைக் காட்டற விளக்கு குடுங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "சார், நீங்களாவது சொல்லுங்க."

"நான் பெட்டி தூக்க வந்தவன்" என்றேன்.

எட்டாவதாக, கீழ்த்தட்டிலிருந்து ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். யாரோ துணிக்கடைக்காரர் வரவழைக்கச் சொல்லிவிட்டு வாங்காமல் போனதாம். எனக்கு அந்த வெளிச்சம் சுமாராகத்தான் பட்டது. அக்கா அதன் அடியில் இரண்டு பல்லையும் வைத்தாள். ஒன்று சாம்பல். வாசலுக்குப் போய் வெயிலில் பார்த்தாள். அதே சாம்பல். கடைக்காரர் தானே பல்லை வாங்கி, வாசலுக்கும் விளக்குக்கும் இரண்டு நடை நடந்தார். அப்புறம் பில் புத்தகத்தை எடுத்தார்.

பெட்டியைத் தூக்கும்போதுதான் கவனித்தேன். நிறங்களை உள்ளபடி காட்டும் அளவு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு என்று பொடி எழுத்தில் இருந்தது. மற்ற ஏழிலும் எண்பது. படித்துக் காட்டினேன்.

"இதை முதல்லயே படிக்கறதுக்கு என்னடா?" என்றாள் அக்கா.

மூன்றாவது பல்லை அந்த விளக்கில்தான் செய்தாள். டீச்சரை வாசல் வெயிலில் நிற்கவைத்துப் பார்த்துவிட்டு டாக்டர் போன் செய்தார். "எது நீங்க செஞ்ச பல்லுன்னு தேட வேண்டியிருக்கும்மா."

"மேல் வரிசை, இடது பக்கம் டாக்டர்" என்றாள் அக்கா, சிரிக்காமல்.

இப்போது அவளுக்கு ஒரே கவலை, நாள்பட இந்த வெளிச்சம் மாறிவிடுமா என்று. இப்படிப்பட்ட விளக்கில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்தவர்கள் இருந்தால், நிறம் அப்படியே நிற்கிறதா என்று கீழே எழுதுங்கள். அக்காவுக்குப் படித்துக் காட்டுகிறேன். இந்தத் தடவை முதலிலேயே.