நாளை மாலை ஆறு மணிக்கு எத்தனை டன்?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய்யைச் சொன்னவன் நான். பெரிய பொய்கூட இல்லை, ஒரே ஒரு எண்: எட்டு.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: 'மின்சாரச் சந்தை திறந்துவிடப்பட்டதன் விளைவாக இணை மின்னுற்பத்தி நிலையங்கள் எதிர்கொள்ளும்...' முடிப்பதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. அது அப்படியே கிடக்கட்டும்.

2

என் தங்கை ஒரு சலவை ஆலையில் இஸ்திரிக் கூடத்துக்குப் பொறுப்பாளர். பல ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் அங்கேதான் வருகின்றன. மாப்பிள்ளை, அதாவது அவள் கணவர், அதே ஆலையில் பாய்லர்காரர். பாய்லரின் நீராவி முதலில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தரும். பிறகு அதே நீராவி தங்கையிடம் போய் விரிப்புகளைத் தேய்க்கும். மணிக்கு எத்தனை டன் நீராவியை அவள் வாங்குகிறாளோ, அவ்வளவுக்குத்தான் அவரால் மின்சாரம் எடுக்க முடியும். (இப்படி ஒரு ஜோடியை நான் கற்பனையாக எழுதியிருந்தால் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள்.)

மிஞ்சிய மின்சாரத்தைப் பன்னிரண்டு வருடமாக மின்வாரியம் ஒரே விலைக்கு, கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டது. புருஷனும் பெண்டாட்டியும் பேசினாலும் பேசாவிட்டாலும் கரண்ட் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது சந்தை வந்துவிட்டது. மணிக்கு ஒரு விலை. நாளை எந்த மணிக்கு எவ்வளவு தருவோம் என்று இன்று காலை பத்துக்குள், எத்தனை டன் நீராவி என்ற கணக்கோடு, ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். தவறினால் அபராதம்.

3

மாலை ஆறு மணிக்குத்தான் நல்ல விலை. மாப்பிள்ளை தங்கையிடம் போனார்.

"இஸ்திரி போடுறதைச் சாயங்காலத்துக்கு மாத்திக்கயேன்."

"உங்க கரண்ட் விக்கணும்னு நான் ஆறு மணிக்கு நிக்கணுமா? பிள்ளையை யார் கூட்டிட்டு வருவா, உங்க டர்பைனா?"

மனுஷன் அத்தோடு விட்டிருக்கலாம். அவளைக் கேட்காமலே படிவத்தில் 'எட்டு டன்' என்று எழுதிவிட்டார். மறுநாள் ஆறு மணிக்கு இஸ்திரிக் கூடம் பூட்டிக் கிடந்தது. டர்பைன் நின்றது. அடைபட்ட நீராவி கூரைக் குழாய் வழியே அலறிக்கொண்டு வெளியேறியது. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

4 (என் குற்றம்)

தூதுவன் வேலை எனக்கு வந்தது. நாளைக்கு எத்தனை டன் என்ற எண்ணைத் தங்கை போனில் என்னிடம் சொல்வாள். நான் மாப்பிள்ளைக்குச் சொல்வேன். ஒரு நாள் காலை மணி 9:55. அவள் போனை எடுக்கவே இல்லை.

"மச்சான், என்ன சொன்னா? சீக்கிரம்!"

நான் கதை எழுதுகிறவன். தெரியாத இடத்தில் வேறு என்ன செய்வேன்? "எட்டு" என்றேன், கணீரென்று.

மறுநாள் இஸ்திரி இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் நாளாம். கூரைக் குழாய் மறுபடி அலறியது.

முதலாளி வந்தார். "இன்னொரு தடவை தப்பாச்சுன்னா டர்பைனைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு வெளியில கரண்ட் வாங்கிக்கிறேன். நீங்களும் வேற வேலை பாத்துக்குங்க."

மாப்பிள்ளை என்னைத் திட்டவில்லை. "விடுங்க மச்சான், உங்களுக்கு என்ன தெரியும்" என்றார். திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

5

முடிவு அ: சந்தையை மூடிவிடுகிறார்கள், வாரியம் திரும்பி வருகிறது. (பகல் கனவு. அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: கண்ணீர் மல்க, தங்கை பாய்லர் அறையை நோக்கி ஓடி...

இதை அவளிடம் படித்துக் காட்டினேன்.

"நான் ஏன்ணே ஓடணும்? எனக்கு முட்டி வலி. அவரு நேர்ல வந்து கேக்கட்டும், சொல்றேன். பிள்ளைக்கு ஒரு வழி பண்ணிட்டு வந்து கேக்கட்டும்."

"பிள்ளையை நான் கூட்டிட்டு வரேன்."

"நீயா? கதையை யோசிச்சுக்கிட்டே பிள்ளையைத் தெருவில விட்டுட்டு வந்துடுவ."

6

இப்போது மணி 9:52. சற்று முன்தான் மாப்பிள்ளை போன் செய்தார். "மச்சான், படிவத்தோட இஸ்திரிக் கூடத்துக்குள்ள வந்துட்டேன். முதுகைக் காட்டிட்டு நிக்கிறா. சாயங்காலம் பிள்ளையை நானே கூட்டிட்டு வந்து பாய்லர் ரூம்ல வீட்டுப்பாடம் எழுத வைக்கிறேன்னு சொல்லட்டுமா?"

"என்கிட்ட ஏன் கேக்கறீங்க? அங்க சொல்லுங்க!"

இயந்திர இரைச்சலுக்கு நடுவே அவர் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு தங்கையின் குரல்: "என்ன? சத்தமா சொல்லுங்க." போன் அணைந்துவிட்டது.

படிவத்தில் கடைசிக் கட்டம் இன்னும் காலி. இந்தாருங்கள், நீங்களே நிரப்புங்கள்.

நாளை மாலை ஆறு மணி: ........ டன்.

ஒன்றே ஒன்று. புண்ணியமாகப் போகும், கற்பனை செய்துவிடாதீர்கள். அவளைக் கேட்டு எழுதுங்கள்.