கோழி என்று சொல்லிவிட்டேன்

1

இந்தக் கதை என் வாயிலிருந்து வந்த ஒரு பொய்யில் பிறந்தது. நாற்பத்திரண்டு விருந்தினர் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஒருவன் "நாய்" என்று சொன்னதை நான் "கோழி" என்று மொழிபெயர்த்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். இப்போது, வரும் சனிக்கிழமை ஒரு பை பன்றி இறைச்சி ஒரு வீட்டுக்குப் போகுமா போகாதா என்று தெரியாமல் ஊரே காத்திருக்கிறது. கதை அவ்வளவுதான். இதைவிடப் பெரிதாக எதையாவது எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"மலைமேல் மேகம் தவழ்ந்த ஒரு காலைப்பொழுதில்—" அடித்துவிட்டேன். பதினோரு வருடமாக இங்கே இருக்கிறேன். மேகத்தை யாரும் ரசித்துப் பார்த்ததில்லை. துணி காயுமா என்று பார்ப்பார்கள்.

"தைவானின் வடக்கு மலைகளில் வாழும் அத்தயால் மக்கள் தங்கள் தொன்மையான—" இது பள்ளிக்கூடக் கட்டுரை. பத்துக்கு ஆறு மதிப்பெண் கிடைக்கும்.

"பெஹுய்யின் கால் கட்டைவிரல் வீங்கிவிட்டது." இது நடந்தது. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

2

பெஹுய்யின் கால் கட்டைவிரல் வீங்கிவிட்டது. சனிக்கிழமை காலை பத்து மணி. தைபேயிலிருந்து பஸ் வந்துவிட்டது.

சனிக்கிழமைதோறும் வருகிறது. வருகிறவர்கள் தினை இடிப்பார்கள், மூங்கில் சோறு சாப்பிடுவார்கள், சோற்றோடு சேர்த்துப் புளிக்கவைத்த பச்சைப் பன்றி இறைச்சியை ஒரு விரலால் தொட்டு நக்கி முகம் சுளிப்பார்கள், சுளித்த முகத்தைப் படம் எடுப்பார்கள். பன்னிரண்டு மணிக்கு ஸ்பலாய்.

ஸ்பலாய் என்றால் பகை தீர்க்கிற சடங்கு. தப்பு செய்தவன் பன்றி தரவேண்டும். என்ன செய்தான் என்று எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். எதிராளி ஏற்றுக்கொண்டால் இருவரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி ஒரே குவளையில் தினைக்கள் குடிப்பார்கள். பன்றியை எல்லோரும் சேர்ந்து தின்பார்கள். அதற்கப்புறம் அந்த விஷயத்தைப் பற்றி எவரும் பேசக்கூடாது. முன்னோர் ஆவிகள் சாட்சி.

விருந்தினருக்கு நாங்கள் இதை நடித்துக் காட்டுகிறோம். பன்றி நிஜம், பகை பொய். சமையலறையை நடத்துகிற பிசுய் அக்கா கோபக்காரியாக நிற்பாள். பெஹுய் திருடனாக வந்து, "உன் கோழியைத் திருடித் தின்னுட்டேன்" என்பான். அடுப்பும் மைக்கும் என் பொறுப்பு. (சின்ச்சு நகரத்தில் சிப் தொழிற்சாலையில் நான்கு வருடம் இரவு ஷிப்ட் பார்த்தேன். ஒருநாள் ஷிப்டின் பாதியில் எழுந்து வந்து கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். அது இங்கே நின்றது. என்னைப் பற்றி இது போதும்.)

"கால்ல செருப்பே ஏற மாட்டேங்குது அக்கா," என்றான் பெஹுய்.

"நேத்து பன்னிக்குடல் தின்னப்ப கால் ஞாபகம் வரலையா?"

"அப்ப வாய் மட்டும்தான் ஞாபகம் இருந்துச்சு."

"நாப்பத்திரண்டு பேருடா! எனக்கு எதிர்ல இப்ப யாரு நிக்கிறது?" என்னைப் பார்த்தாள்.

"நான் மைக்," என்றேன்.

"நான் நிக்கிறேன்," என்றது வேறொரு குரல்.

நோகன். பிசுய் அக்காவின் உடன்பிறந்த தம்பி. சோற்றுக்கு மூங்கில் வெட்டிக் கொண்டுவருகிறவன். மூன்று வருடமாக மூங்கிலை கேட்டுக்கு வெளியே இறக்கிவிட்டுத் திரும்பிப் போகிறவன். அன்று கேட்டுக்கு உள்ளே நின்றிருந்தான்.

அக்கா அவனைப் பார்க்கவில்லை. என்னிடம் சொன்னாள்: "தம்பி, அவன்கிட்ட சொல்லு. கோழி. கோழியத் தவிர ஒரு வார்த்தை வரக்கூடாது."

அவன் இரண்டடி தள்ளித்தான் நின்றான். "கோழி," என்றேன்.

"காது கேக்குது," என்றான்.

[இவர்கள் பேசுவது அத்தயாலும் சீனமும் கலந்து. நான் எழுதுவது என் வீட்டுத் தமிழ். இடையில் என்ன சிந்தியதோ, அதற்கு நான் பொறுப்பு. ஒரு சொல்லை மட்டும் மொழிபெயர்க்கவில்லை: பிசுய் அக்காவின் மகள் லபாய் என்னை "மாமா" என்று கூப்பிடுகிறாள். அத்தயாலிலும் அது மாமாதான். நம்பாதவர்கள் வந்து கேட்டுக்கொள்ளலாம்.]

3

மூன்று வருடத்துக்கு முன்னால் பிசுய் அக்காவின் நாய் காணாமல் போனது. பெயர் கூரோ.

(அது அவளுடைய இறந்துபோன கணவன் வளர்த்த நாய் என்று ஒரு வரைவில் எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கணவன் உயிரோடு இருக்கிறான். இதை எழுதும்போது சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறான். குறட்டை இங்கே கேட்கிறது.)

சாதாரண நாய். கறுப்பு. எல்லோரையும் பார்த்துக் குரைக்கும். அக்கா பதினோரு நாள் பள்ளத்தாக்கில் இறங்கித் தேடினாள், ஆறாவது நாள் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள், கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி தேடினாள். பதினோரு நாளும் கூடவே போனவன் நோகன். "கூரோ! கூரோ!" என்று அவளைவிடச் சத்தமாகக் கூப்பிட்டவனும் அவன்தான். கடைசியில், "கரடி கொண்டுபோயிருக்கும் அக்கா, விடு," என்றான்.

அந்த மழைக்காலத்திலேயே கரை சரிந்தது. நோகனின் மூங்கில் புதருக்கு அடியிலிருந்து நாயின் கழுத்துப்பட்டை வெளியே வந்தது, கண்ணிக் கம்பியோடு.

"கரடியே பொதச்சிருக்கும்," என்றான் நோகன்.

அன்றோடு பேச்சு நின்றது. ஒரே பாத்திரத்தில் கை வைப்பதும் நின்றது. அவன் கண்ணியில் நாய் மாட்டியதை அக்கா மன்னித்திருப்பாள். மலையில் எல்லோருக்கும் நடக்கிறது. அந்தப் பதினோரு நாளைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை.

4

அரங்கேற்றம். அக்கா இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். எதிரே நோகன், பெஹுய்யின் சிவப்பு நெசவுச் சட்டையில். தோளில் இறுக்கம், வயிற்றில் தொளதொள. பக்கத்தில் தீயில் பன்றி.

நோகன் அத்தயாலில் பேசினான். மனப்பாடம் செய்தவன் மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"உன் நாய் கூரோ என் கண்ணியிலதான் மாட்டுச்சு. காலையில போனப்ப செத்துக் கெடந்துச்சு. பொதச்சேன். கரடின்னு சொன்னேன். உன்கூடப் பதினோரு நாள் நடந்தேன். செத்துப் போச்சுன்னு தெரிஞ்சே பேரச் சொல்லிக் கூப்பிட்டேன். உன் கை ஒடஞ்சப்பகூடச் சொல்லல."

நாற்பத்திரண்டு முகங்கள் என் பக்கம் திரும்பின. என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ளப் பணம் கட்டி வந்தவர்கள்.

"இந்த அம்மாவோட கோழியைத் திருடித் தின்னுட்டாராம்," என்றேன் சீனத்தில். "பதினோரு நாள்."

சிரிப்பு. மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "ஒரு கோழியைப் பதினோரு நாளா?"

"பெரிய கோழி," என்றேன்.

வழக்கமாக அக்கா மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு, மூக்கைச் சிலுப்பி, குவளையை எடுப்பாள். அன்று மூன்று தாண்டியது. பத்து தாண்டியது. படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் கை வலித்து போனை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டாள். கொழுப்பு சொட்டித் தீ இரண்டு முறை எகிறியது.

பிறகு அக்கா குவளையை எடுத்தாள். அவன் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்தாள். இருவரும் குடித்தார்கள். கள் இரண்டு தாடையிலும் வழிந்தது. கைதட்டல் பலமாக இருந்தது. நன்றாக நடித்தார்கள் என்று ஒரு தாத்தா என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

5

பஸ் போனதும் நோகன் சமையலறைக் கதவில் வந்து நின்றான். "அக்கா. முடிஞ்சுதா?"

"ஷோ முடிஞ்சுது. பாத்திரம் கெடக்கு, கழுவறியா?"

"சொல்லவேண்டியதச் சொன்னேன். நீ குடிச்ச. பன்னி வெட்டியாச்சு."

"அது பஸ்காரங்க துட்டுல வெட்டின பன்னி. தப்பு பண்ணவன் பன்னி எங்க?"

"என் வீட்டுல பொறந்த பன்னிதான் அது. என் பொண்டாட்டிதானே உங்களுக்கு வித்தா."

"வித்த பன்னி உன் பன்னியாடா? அப்ப போன வருஷம் வித்தியே ஒரு வண்டி, அதுவும் உன்னுதா? எடுத்து ஓட்டு. பிரேக் இல்லையாம், நல்லா போகும்."

நாற்காலியில் காலை நீட்டியிருந்த பெஹுய் வாயைத் திறந்தான். "ஆவிங்க டிக்கெட்டா பாக்கும்? சொன்னது காதுல விழுந்திருக்கும்."

"நீ கெட. எல்லாம் உன் கட்டைவிரலால வந்த வினை."

லபாய் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏம்மா, நீ குடிக்கறப்ப நடிச்ச மாதிரி தெரியலையே?"

"தாகம்டி. வெயில்ல எவ்வளவு நேரம் நிக்க வெச்சான்."

இது வெறும் வாய்ச்சண்டையாகப் போயிருக்கும். ஆனால் வரும் சனிக்கிழமை பஸ் கிடையாது. லபாய்க்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுப் பன்றிகள் வந்து இறங்கும். அந்த இறைச்சியைப் பச்சையாகப் பங்கு போட்டு, பெண்ணின் சொந்தம் என்று சொல்லிக்கொள்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பை அனுப்பவேண்டும். பை வந்த வீடு சொந்தம். வராத வீடு ஊருக்கு எதிரில் அந்நியம், அதுவும் இந்தத் தலைமுறையோடு தீராது. மூன்று வருடமாக வீட்டில் கல்யாணம் எதுவும் இல்லாததால் நோகனுக்குப் பை உண்டா இல்லையா என்ற கேள்வியே எழவில்லை.

இப்போது எழுந்துவிட்டது.

6

இங்கே எனக்கு நோகன் மேல் ஒரு சந்தேகம். மூன்று வருடம் தனியாக ஒருமுறைகூடச் சொல்லாதவன், நாற்பத்திரண்டு பேரை நடுவில் வைத்துக்கொண்டு சொன்னான். அவளால் "போடா" என்று திரும்பிப் போக முடியாத இடம் பார்த்துச் சொன்னான். துணிச்சலா, தந்திரமா? ஒரு வரைவில் அவனைத் துணிந்தவனாக எழுதினேன், இன்னொன்றில் கள்ளனாக. இரண்டிலும் அவன் அதே சொற்களைத்தான் பேசினான். ஆகவே எனக்குத் தெரியவில்லை என்று எழுதுகிறேன்.

அவனிடமே கேட்கலாம் என்று நினைத்தபோது அவனே வந்தான்.

"எழுதறியாமே?"

"ஆமா."

"நாயப் பத்தியா?"

"நாய் வருது."

"ஸ்பலாய் முடிஞ்சா அதப்பத்தி யாரும் பேசக்கூடாது. நீ எழுதினா, முடியலன்னு நீ தீர்ப்பு சொல்றதா ஆகுது."

"தமிழ்லதான் எழுதறேன். இங்க யாருக்கும் படிக்கத் தெரியாது."

"அவங்களுக்கு?" என்று மேலே கை காட்டினான்.

முன்னோர் ஆவிகளுக்குத் தமிழ் தெரியாது என்று நான் எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்?

அரைமணி நேரத்தில் பிசுய் அக்காவுக்குச் செய்தி போய்விட்டது. வந்தாள். "எழுதறியா? எழுது. நல்லா எழுது. நாய் பேரையும் போடு. பதினோரு நாளையும் போடு."

ஆக, நான் எழுதினால் அக்கா கட்சி. எழுதாவிட்டால் நோகன் கட்சி. உலகத்தில் வேறெந்தக் கதைக்காரனுக்கும்

[இந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன். பெருமையடிக்கப் பார்த்தது.]

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். அன்று நான் "நாய்" என்றே மொழிபெயர்த்திருந்தால், கூட்டம் அமைதியாகியிருக்கும், அது நாடகம் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும், அக்கா குவளையைக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கவும் முடியும். கோழி என்று சொல்லி அவளுக்கு அந்த வழியை அடைத்தவன் நான். "ஏன் மாமா அப்படிச் சொன்னே?" என்று லபாய் கேட்டாள். நிகழ்ச்சியைக் காப்பாற்றத்தான் என்றேன். அவள் நம்பவில்லை. நானும்தான்.

7

முடிவுகள்.

அ) சனிக்கிழமை அக்கா தன் கையாலேயே பையை எடுத்துக்கொண்டு நோகன் வீட்டுக்கு நடக்கிறாள். அவன் மனைவி கதவைத் திறக்கிறாள். மூவரும் அழுகிறார்கள். எழுதிப் படித்துப் பார்த்தேன். பிசுய் அக்கா அழுது நான் பார்த்ததில்லை. வெங்காயம் நறுக்கும்போதுகூட வெங்காயத்தைத்தான் திட்டுவாள்.

ஆ) பை போகவில்லை. நோகன் மூங்கில் கொண்டுவருவதை நிறுத்துகிறான். நாங்கள் அலுமினியத் தாளில் சோறு வைக்கிறோம். விருந்தினர் எண்ணிக்கை குறைகிறது. இது பழிவாங்கும் கதை மாதிரி ஆரம்பித்து வியாபாரக் கதை மாதிரி முடிகிறது.

இ) வெள்ளிக்கிழமை மாலை நோகன் சொந்தமாக ஒரு பன்றியைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறான். மழை பெய்கிறது. (வேறு வழி தெரியாதபோதெல்லாம் என் கதைகளில் மழை பெய்கிறது.) இதில் சிக்கல்: நோகனைப் பொறுத்தவரை ஸ்பலாய் முடிந்துவிட்டது. இன்னொரு பன்றி கொண்டுவந்தால் முதலாவது செல்லவில்லை என்று அவனே ஒப்புக்கொண்டதாகும். கொண்டுவராவிட்டால் அக்கா ஒப்புக்கொள்ள மாட்டாள். பெஹுய்யிடம் கேட்டேன். "பன்னிய யாராவது எங்கிட்ட கொடுங்கப்பா, நான் முடிச்சு வைக்கிறேன்," என்றான். கால் வீக்கம் இன்னும் வடியவில்லை.

மூன்றையும் உங்கள் முன்னால் வைத்துவிட்டேன். எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

8

இன்று வியாழன். மத்தியானம். இந்த நோட்டில் ஏழாம் பகுதியை எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது பிசுய் அக்கா கை துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"தம்பி, அந்த நோட்டு கைலதானே இருக்கு? பை அனுப்பற வீட்டையெல்லாம் எழுது. எனக்குக் கை ஈரம்."

"இது கதை எழுதற நோட்டு."

"இருக்கட்டும். தாள் தாள்தானே."

சொல்லச் சொல்ல எழுதினேன்.

1. பெஹுய் வீடு. ("கொழுப்பில்லாம. அந்தக் கட்டைவிரலுக்குக் கறியே ஆகாது, ஆனா அனுப்பலன்னா ஒப்பாரி வைப்பான்.")
2. யாவாய் சித்தி.
3. தாஹுஸ். ("தொடைக்கறி. போன தடவ எலும்பு வந்துச்சுன்னு இன்னமும் சொல்லிட்டிருக்கான்.")
4. அடுத்த மலையில் இருக்கிற மராய்.
5. மராயின் தம்பி. ("ரெண்டும் ஒரே அளவு இருக்கணும். ஒருத்தன் தராசு வெச்சிருக்கான்.")
6. என் பெயர். நிமிர்ந்து பார்த்தேன். "என்ன பாக்கற? எழுது," என்றாள்.
7. கடைக்காரி ஈவான்.
8. பெரியப்பா வீடு.

நிறுத்தினாள். உள்ளே கணவனின் குறட்டை ஒருமுறை தடுக்கி மறுபடி ஓடியது. அவள் மேசையைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள், தன் இடது மணிக்கட்டை வலது கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துக்கொண்டாள்.

"அவ்வளவுதானே?" என்றேன்.

"அந்தக் கதை முடிஞ்சுதா?"

"இல்ல."

"முடிக்காத."

ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். எழுந்துவிட்டாள். இந்தக் கதையில் அவள் எனக்குப் போட்ட முதல் தடை இது. இரண்டு நாளைக்கு முன்னால் எழுது எழுது என்று நின்றவள். இதை எந்தக் கட்சியில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் மனதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள்.

கதவருகே போனவள் திரும்பாமலே சொன்னாள்: "நம்பர் மட்டும் போட்டு வை. பக்கத்துல ஒண்ணும் எழுதாத. சனிக்கிழமை நான் சொல்றேன்."

போட்டேன்.

9.