அண்ணியின் கணக்கில் அண்ணன் விரல்

விரல்ரேகை மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போய் வங்கிக் கணக்கு திறப்பது என் வேலை. மூன்று வருடத்துக்கு முன், மந்திரி வருகிறார் என்று மேலதிகாரி எங்களை விரட்டு விரட்டென்று விரட்டினார். "கணக்கில்லாத வீடே இருக்கக்கூடாதுய்யா. எதையாவது பண்ணி முடி!"

துணி வெளுத்து வெளுத்து என் அண்ணியின் விரல்களில் ரேகையே இல்லை. பத்து விரலையும் மெஷின் ஏற்கவில்லை. பக்கத்தில் நின்ற அண்ணனின் கட்டைவிரலை அண்ணி கணக்கில் பதிந்துவிட்டேன். ஒரே வீடுதானே, பணம் எடுக்கும்போது அண்ணன் வந்து விரல் வைத்தால் போயிற்று என்று நினைத்தேன், மடையன். மந்திரி மேடையில் வைத்து அண்ணிக்குப் பாஸ்புக் கொடுத்தார். மறுநாள் பேப்பரில் படம்.

அன்றிலிருந்து சலவைக் கூலியில் மிச்சம் பிடித்ததையெல்லாம் அண்ணி அதில்தான் போட்டார். "சம்பாதிக்கிறது நான், சாவி உங்க அண்ணன்கிட்ட" என்று சிரிப்பார்.

போன மாதம் அண்ணன் மூளையில் ரத்தம் கசிந்து நினைவில்லாமல் விழுந்தார். ஆபரேஷனுக்கு முன்பணம் கேட்டார்கள். அண்ணியின் கணக்கில் அதற்கு மேலேயே இருந்தது. கடன் கேட்ட இடத்திலெல்லாம், "பாங்க்ல வெச்சுக்கிட்டு எங்ககிட்ட ஏன் கேக்கறீங்க?" என்றார்கள். பாங்க் மேனேஜரிடம் ஓடி உண்மையைச் சொன்னேன். அவர் எழுந்து தன் அறைக் கதவைச் சாத்தினார்.

"மந்திரி கையால கொடுத்த கணக்கு அது. தப்புன்னு எழுதினா எல்லாத்தையும் தோண்டுவாங்க. உன் வேலையும் போகும், என் வேலையும் போகும். விரலைக் கொண்டுவா, பணம் தர்றேன்."

மெஷினைத் துண்டில் சுற்றி ஆஸ்பத்திரிக்குள் எடுத்துப் போனேன். அண்ணன் கை வீங்கிக் கிடந்தது. அண்ணி ஈரத்துணியால் விரலைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார். மூன்று முறை வைத்தும் பொருந்தவில்லை. கணக்கு ஒரு நாளைக்குப் பூட்டிக்கொண்டது. மறுநாள் மதியம் அண்ணன் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், அண்ணி முன்னால் உட்கார்ந்து அழுதேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"இதே மாதிரி வேற யாருக்காவது பண்ணீங்களா தம்பி?"

"நாப்பத்தொரு பேருக்கு, அண்ணி."

"அந்த வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லுங்க. எல்லாரும் உசிரோட இருக்கும்போதே சொல்லுங்க."

வேலை போனால் போகட்டும் என்று எழுந்து நடந்தேன். முதல் வீட்டில் கதவைத் திறந்த பெண்ணுக்கு என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல நேரத்துல வந்தீங்க. பணம் போட நானே வரலாம்னு இருந்தேன்."